ஏறுபக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. தப்பைச் செய்தவள் நான். அதைக் கண்டுபிடித்தவளும் நான்தான், அதுவும் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தபோது.

காலண்டர் சீசன் வந்துவிட்டால் சிவகாசியில் ஞாயிறு என்று ஒரு கிழமையே கிடையாது. 2006 செப்டம்பர் கடைசி ஞாயிறும் அப்படித்தான், காலை எட்டு மணிக்கே வேலை தொடங்கிவிட்டது. மதியம் ஒரு மணிக்குத் தூக்குவாளியோடு ஒரு மூலையில் உட்கார்ந்தேன். தரையில் விரிப்பதற்கு அச்சில் வீணான தாள்கள் எப்போதும் கிடக்கும். கையில் அகப்பட்ட ஒன்றை உருவிப் போட்டு அதன்மேல் தூக்குவாளியை வைத்தேன். அது குதிரைப் புத்தகத்தின் நடுப்பக்கத் தாள்.

அந்த ஆர்டர் வந்ததே எங்கள் வீட்டு வழியாகத்தான். சுந்தரபாண்டி என்று ஓய்வுபெற்ற மிலிட்டரிக்காரர் ஒருவர், ராணுவத்தில் குதிரைப் படையில் இருந்தவர், விருதுநகரைத் தாண்டி மதுரை ரோட்டில் குதிரையேற்றப் பள்ளி தொடங்கினார். சேணம் என்றால் என்ன, கடிவாளம் என்றால் என்ன என்று தெரியாமல் வருகிறவர்களுக்காக அவரே முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய லாயத்தில்தான் என் தம்பி மாரிக்கண்ணன் இரண்டு மாதமாகத் தற்காலிக ஆளாக இருந்தான். அக்கா சிவகாசியில் அச்சகத்தில் இருக்கிறாள் என்று அவன் சிலேட்டில் எழுதிக் காட்டியிருக்கிறான்.

அவன் எதையும் எழுதித்தான் காட்டுவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்தது. பக்கத்து அறையில் இருந்த மாரிக்கண்ணன் உயிரோடு வந்தான், இரண்டு காதும் போய்விட்டது. அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. தன் குரல் தனக்கே கேட்காததாலோ என்னவோ, பேச்சையும் விட்டுவிட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கையசைத்தும் எழுதியும் காலம் ஓடியது. என்னோடு சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போனதில் எனக்கு இருந்த வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல.

வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் காது கேட்காதவன் என்று திருப்பி அனுப்பினார்கள். சுந்தரபாண்டி மட்டும் அதற்காகவே வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் எந்த நேரமும் எங்கேயாவது யாராவது வெடி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சத்தம் கேட்டு மனுஷன் திடுக்கிட்டால், அவன் கையில் இருக்கும் கயிறு வழியாகக் குதிரைக்கும் அந்தத் திடுக்கம் போய்விடுமாம். மாரிக்கண்ணன் திடுக்கிடுவதில்லை. அவன் பக்கத்தில் நின்றால் சிட்டு என்ற செவலைக் குதிரையும் நிம்மதியாகப் புல் மென்றுகொண்டிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத்தான் பள்ளித் தொடக்கம். பார்க்க வருகிறவர்கள் முன்னால் மாரிக்கண்ணன் சிட்டுவுக்குச் சேணம் பூட்டி, ஏறி, ஒரு சுற்று வர வேண்டும். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். இரண்டு வாரத்துக்கு முன்பே நான் பைண்டிங்கில் சொல்லி முதல் பிரதியை வாங்கிக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்திருந்தேன். மனப்பாடம் பண்ணு என்று என் தலையில் தட்டிச் சைகை காட்டினேன். தினமும் விடிகிற நேரத்தில், மிலிட்டரிக்காரர் வருவதற்கு முன்பே போய், புத்தகத்தைப் பார்த்துப் பழகினான். அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அவர் ஏறிக் காட்ட முடியாததால் புத்தகம்தான் அவனுக்கு வாத்தியார்.

இப்போது அந்த நடுப்பக்கம் என் தூக்குவாளிக்குக் கீழே கிடந்தது. இடப்பக்கம் படம், வலப்பக்கம் விளக்கம். படத்தையும் எழுத்தையும் பிலிமாக எடுத்துப் பக்கம் பக்கமாக ஒட்டுவதுதான் என் வேலை. ஒட்டும்போது நாங்கள் எதையும் வாசிக்க மாட்டோம். எழுத்து நேராக இருக்கிறதா, ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. அன்றைக்குத்தான் வாசித்தேன்.

'ஏறுபக்கம்: குதிரையின் இடப்பக்கம். பார்க்கிற உங்களுக்கு இடது எது என்பது கணக்கில் இல்லை, குதிரைக்கு எது இடதோ அதுதான் இடது. அந்தக் காலத்து வீரர்கள் இடுப்பின் இடப்பக்கம் வாள் கட்டியிருந்ததால் இப்படி ஏறினார்கள் என்று சொல்வார்கள். வாள் போய்விட்டது. வழக்கம் போகவில்லை. இடப்பக்கம் பழகிய குதிரையிடம் வலப்பக்கமாகப் போய்த் திடீரென்று ஏறினால் மிரளும், உதைக்கும்.'

வாளியை நகர்த்திப் படத்தைப் பார்த்தேன். ஒருவன் குதிரையில் ஏறிக்கொண்டிருந்தான். குதிரையின் தலை எந்தப் பக்கம், அதற்கு எது இடது என்று என் கையையே இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவன் நின்றது வலப்பக்கம். அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான்.

காலண்டர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாடோ, யானையோ, மயிலோ, எந்த உருவமும் கடைப் பெயருக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. லட்சுமி கடையை விட்டு வெளியே போகிற மாதிரி இருக்கிறது என்று வியாபாரிகள் முகம் சுளிப்பார்கள். விருதுநகர் பருப்பு வியாபாரி ஒருவர் மாடு வெளியே பார்க்கிறது என்று இரண்டாயிரம் காலண்டரைத் திருப்பி அனுப்பியதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் படம் வெளியே பார்த்தால் பிலிமைப் புரட்டி உள்ளே பார்க்கிற மாதிரி ஒட்டிவிடுவோம். யாரையும் கேட்பதில்லை. கை தானாகவே புரட்டும்.

குதிரைப் புத்தகத்தில் பதினாறு படம். பதினாறிலும் குதிரை எழுத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புத்தகத்தை விட்டு வெளியே நடந்து போனது. தம்பி வேலை பார்க்கிற இடம், புதுத் தொழில், நல்லபடியாக வளரட்டும் என்று நினைத்துத்தான் பதினாறையும் புரட்டி ஒட்டினேன். சுந்தரபாண்டி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான் ஒட்டுவதற்கு முன் எடுத்த கம்ப்யூட்டர் புரூப் தாளில். படத்துக்குள் எழுத்து ஒன்றும் இல்லாததால் அதற்குப் பிறகு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"என்னம்மா ரோஜா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் எங்கள் போர்மேன் பால்துரை.

"அண்ணாச்சி, குதிரைப் புத்தகத்துல படம் அம்புட்டையும் திருப்பி ஒட்டிட்டேன்."

"இருக்கட்டுமே. குதிரைக்கு அங்கனயும் ரெண்டு காலு, இங்கனயும் ரெண்டு காலுதான?"

"ஏறுறவன் தப்பான பக்கம் நிக்கான் அண்ணாச்சி. எந்தம்பி இதப் பாத்துத்தான் பழகியிருக்கான். இன்னைக்கு நாலு மணிக்கு ஏறப் போறான்."

பால்துரை கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "லோடு வெள்ளிக்கிழமையே போயிருச்சு. ஒருத்தரும் கண்டுபிடிக்கப் போறதில்ல. நீயா வாயத் தொறந்தா வேலை போயிரும், பாத்துக்கோ. போன மாசம் வத்தல் கடைக் காலண்டர்ல தேதியக் கோட்டை விட்டதுக்கே முதலாளி குதிச்சாரு. இன்னொரு தடவைன்னா எனக்காகக்கூட விட மாட்டாரு."

"எந்தம்பிய உதைச்சா?"

"தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லு."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் வாளியை மூடினேன்.

அச்சக வாசலில் இருக்கிற பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் உண்டு. புத்தகத்தின் பின்னட்டை நம்பர் எனக்கு மனப்பாடம். காசைப் போட்டு அடித்தேன். "சுந்தரபாண்டி பேசுறேன்" என்று குரல் கேட்டதுமே வைத்துவிட்டேன். என் வேலைதான் கண் முன்னால் நின்றது. மாரிக்கண்ணனுக்கு ஒருவேளை வேலை இல்லை என்று ஆகிவிட்டால், என் சம்பளமும் இல்லாமல் இரண்டு பேரும் என்ன செய்வோம்? இன்னொரு காசு போட்டேன். "ஹலோ, யாரும்மா? பேசுங்க" என்றார். மறுபடியும் வைத்துவிட்டேன். மூன்றாவது காசைக் கையில் எடுத்தேன், போடவில்லை. ஊரையே திட்டுகிற வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லையே என்று எனக்கு என்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது. காசை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

விருதுநகர் பஸ் கிளம்பவே இரண்டு மணி ஆயிற்று. டிரைவர் டீ குடித்துவிட்டு, வெற்றிலை போட்டுவிட்டு, யாரிடமோ கல்யாண விசேஷம் பேசிவிட்டு ஏறினார். மனதுக்குள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்தேன். திருத்தங்கல் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. ரயில் வருகிற வழியாக இல்லை. நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "எதுக்குத் தாயி இப்படித் துடிக்கீக? ரயிலு வந்தாத்தான போகும்" என்றாள். என் பார்வையைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையில் அந்தத் தாள் இருந்தது, புளிச்சோற்று எண்ணெயோடு. வேறு வழியில்லாமல் வாசித்தேன்.

'அங்கவடி: சேணத்திலிருந்து தொங்கும் இரும்பு வளையம். கால் வைத்து ஏறுவதற்கு. பாதத்தின் முன்பகுதி மட்டும் உள்ளே இருக்கட்டும். முழுப் பாதத்தையும் நுழைத்தவன் விழுந்தால் குதிரை அவனை இழுத்துக்கொண்டு ஓடும்.'

இழுத்துக்கொண்டு ஓடும் என்பதோடு என் உயிர் பாதி போய்விட்டது. அவன் முழுப் பாதத்தையும் நுழைப்பானா? வீட்டில் செருப்பையே அரைகுறையாகத்தான் மாட்டுவான். அது நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டே அடுத்ததற்குப் போனேன்.

'வயிற்றுவார்: சேணம் நழுவாமல் இருக்க வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை. கட்டும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். இறுக்கிவிட்டோம் என்று ஏமாறாதீர்கள். பத்தடி நடத்திவிட்டு மறுபடியும் இறுக்குங்கள்.

காது: குதிரையின் காது எங்கே திரும்புகிறதோ அங்கேதான் அதன் மனம் இருக்கிறது. ஏறுவதற்கு முன் காதைப் பாருங்கள். உங்கள் பக்கம் ஒரு காதாவது திரும்பியிருக்க வேண்டும். இரண்டும் பின்னால் படிந்திருந்தால் விலகி நில்லுங்கள்.'

மனுஷன் நல்லாத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. ஆனால் மாரிக்கண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் வாசிப்பதற்குள் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும். படத்தைத்தான் பார்த்திருப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படமும் நான் ஒட்டிய படம். அக்கா கொண்டுவந்த புத்தகம் தப்பாக இருக்கும் என்று அவன் கனவிலும் நினைக்க மாட்டான்.

ஒரு வழியாக ரயில் போனது. ஆமத்தூரில் ஆள் ஏற்றினார்கள், அதற்குப் பிறகும் கை காட்டினவர்களுக்கெல்லாம் நிறுத்தினார்கள். விருதுநகரில் இறங்கி மதுரை ரோட்டுப் பஸ்ஸைப் பிடித்தபோது மூன்றேகால். நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தால் லாயம் அரை மைல் உள்ளே. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் மண் பாதை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். முப்பது வயதில், மேஜையில் குனிந்தே பழகிய உடம்புக்கு அந்த ஓட்டம் தாங்கவில்லை. விலாவில் குத்தியது. தூரத்தில் கைதட்டல் கேட்டது. மணி நாலு ஆகவில்லையே, அதற்குள் தொடங்கிவிட்டார்களா என்று இன்னும் வேகமாக ஓடினேன்.

வேலியோரம் போய் நின்றேன். மைதானத்தைச் சுற்றி இருபது முப்பது பேர் நாற்காலியில் இருந்தார்கள். நடுவில் சிட்டு, முதுகில் சேணத்தோடு. மாரிக்கண்ணன் அதன் முகத்தைச் சுற்றி நடந்து வலப்பக்கம் வந்து நின்றான். பிடரி மயிரைப் பிடித்தான். அங்கவடியில் வலது காலை வைத்தான்.

"ஏலே மாரி! அந்தப் பக்கம் இல்லலே! ஏறாதலே!"

அவனுக்குக் கேட்காது என்பது மறந்து போயிற்று. என் தொண்டைக்குள் இருந்த அவ்வளவும் வெளியே வந்தது. அவனைத் தவிர அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்டது. சிட்டுவுக்கும் கேட்டது. தலையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் துள்ளியது. பாதி ஏறியிருந்த மாரிக்கண்ணன் மண்ணில் மல்லாந்து விழுந்தான்.

அவன் கால் அங்கவடியில் மாட்டவில்லை. பாதத்தின் முன்பகுதியை மட்டும்தான் வைத்திருந்தான். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

எழுந்து முழங்கையைத் தட்டினான். குதிரை ஏன் துள்ளியது என்று அவனுக்குப் புரியவில்லை. சுற்றியிருந்தவர்களை அவன் பார்க்கவில்லை, சிட்டுவின் காதைப் பார்த்தான். இரண்டு காதும் வேலிப் பக்கம் திரும்பி விறைத்திருந்தன. அந்தக் காது காட்டிய திசையிலேயே தலையைத் திருப்பினான். அங்கே நான் நின்றேன், தலை கலைந்து, கையில் எண்ணெய்த் தாளோடு.

சுந்தரபாண்டி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேலிப் பக்கம் வந்தார். "யாரும்மா நீ? எதுக்குக் கத்துன?"

இனி வைப்பதற்குப் போன் இல்லை. "மாரிக்கண்ணனோட அக்கா ரோஜாங்கய்யா. புத்தகத்துல குதிரையத் திருப்பி ஒட்டினது நாந்தான். அச்சகத்துல யாருக்கும் தெரியாது. இவன் அதப் பாத்து தப்பா பழகிட்டான். வேலை போகணும்னா என் வேலை போகட்டும், இவன வெளிய அனுப்பிராதீக."

"தப்பாப் பழகிட்டானா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆளு சேந்ததும் நாலுக்கு முன்னாடியே தொடங்கிட்டோம். நீ வாரதுக்குள்ள இடப்பக்கம் ஏறி, ரெண்டு சுத்து வந்து, இறங்கிட்டான். கைதட்டினது கேக்கலையா? வேலையெல்லாம் அப்பவே அவனுக்கு ஆகிப்போச்சு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பெறகு எதுக்குய்யா அந்தப் பக்கம்?"

அவர் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்துவரச் சொன்னார். அதில் எனக்குத் தெரிந்த மாரிக்கண்ணனின் கோணல் கையெழுத்து இருந்தது. 'புத்தகத்தத் திருப்பி அனுப்பாதீங்க அய்யா. அக்காவுக்கு வேல போயிரும். சிட்டு ரெண்டு பக்கமும் ஏற விடும். நான் பழக்கிட்டேன். படத்துல இருக்கிற மாதிரி ஏறிக் காட்டுறேன்.'

"காலையில புத்தகக் கட்டப் பிரிச்சேன். பாத்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அம்புட்டையும் லாரியில ஏத்தச் சொல்லிட்டேன்" என்றார் சுந்தரபாண்டி. "உந்தம்பிக்கு முத நாளே தெரிஞ்சிருக்கு. எழுத்தையும் படத்தையும் வச்சு ஒத்துப் பாத்திருக்கான். உன்கிட்ட சொன்னா நீ போய் முதலாளிகிட்ட சண்டை போட்டு வேலையத் தொலைச்சிருவியாம். அதனால பதினாலு நாளா விடியக்காலம் வந்து குதிரைய வலப்பக்கமும் பழக்கியிருக்கான். எங்க படையில அதுக்கு ரெண்டு மாசம் ஆகும். ஏறிக் காட்டினா படம் இருக்கட்டும், 'நன்றாகப் பழகிய குதிரைக்கு மட்டும்'னு ஒரு துண்டுச்சீட்டு ஒட்டிக்கிடலாம்னு ஒத்துக்கிட்டேன். ஏறத்தான் செஞ்சான். அதுக்குள்ள நீ வந்து..."

இரண்டரை மணி நேரம் பஸ்ஸிலும் மண்ணிலும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து, எனக்காக ஏறியவனை நானே கீழே தள்ளியிருக்கிறேன். எழுத்து வாசிக்காதவன் என்று அவனை நினைத்தேனே, பதினாறு படத்தை ஒட்டிய நான் ஒரு வரி வாசிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன்.

மாரிக்கண்ணன் வேலிக்கு வந்து என் முகத்தைப் பார்த்தான். அவர் உதட்டையும் என் உதட்டையும் பார்த்து எல்லாம் புரிந்திருக்க வேண்டும். விரலை எடுத்துத் தன் வாயின் மேல் வைத்தான். எனக்குத்தான் அந்தச் சைகை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன்.

திரும்பிப் போய் மறுபடியும் சிட்டுவின் வலப்பக்கம் நின்றான். அதன் காது இன்னும் என் பக்கமே இருந்தது. கழுத்தைத் தடவினான். அதன்பிறகு, மூன்று வருஷமாக என் வீட்டில் நான் கேட்காத குரல் கேட்டது. கரகரவென்று, எங்கே ஏற்றுவது எங்கே இறக்குவது என்று தெரியாத குரல். தினமும் விடியக்காலம் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, குதிரை அதற்கு அசையக்கூட இல்லை.

"ஒண்ணுமில்லத்தா. எங்க அக்காதான் வந்திருக்கா. சத்தம் போடுவா, ஒண்ணும் செய்ய மாட்டா."

சிட்டுவின் ஒரு காது அவன் பக்கம் திரும்பியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் திரும்பியது. மாரிக்கண்ணன் அங்கவடியில் வலது காலை வைத்து ஏறி உட்கார்ந்தான்.